திருட்டுப் படமும் வீட்டுத் தலைவனும்

2024ஆம் ஆண்டு புரட்டாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டில் ஐந்து பேரும் அமர்ந்து ஒரு புதிய படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்படம் எர்ணாகுளத்துக் கொட்டகைகளில் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. கல்லூரியில் படிக்கும் பொருட்டு எங்களோடு தங்கியிருக்கும் என் தமக்கையின் மகன் அதைக் கணினியில் இறக்கி வைத்திருந்தான். "எங்கிருந்து கிடைத்தது?" என்று நான் கேட்கவில்லை. ஐந்து டிக்கெட்டுகளின் விலையும் போய்வரும் செலவும் மிச்சம் என்ற எண்ணமே என் வாயை அடைத்துவிட்டது.

அதற்கு அடுத்த வாரம் செய்தித்தாளில் ஒரு செய்தி வந்தது. 'அஜயன்டெ ரண்டாம் மோஷணம்' என்ற மலையாளப் படத்தைக் கொட்டகையில் களவாகப் படம்பிடித்து இணையத்தில் பரப்பியதாக, கொச்சி சைபர் போலீசார் பெங்களூரில் இருவரைக் கைது செய்தனர். இருவரும் தமிழ்நாட்டினர். அலுவலகத்தில் ஒரு மலையாள நண்பர், "படத்தின் பெயரிலேயே மோஷணம் இருக்கிறது. அதையும் உங்கள் ஊர்க்காரர்கள் மோஷ்டித்துவிட்டார்களே!" என்று வேடிக்கையாகச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆயினும் உள்ளூர நாணினேன். அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை என் நினைவை விட்டு அகலவில்லை.

அன்றிரவு மருமகனை அழைத்து விசாரித்தேன். "மாமா, நான் யாருக்கும் விற்கவில்லையே! நாம் பார்ப்பதற்குத்தானே இறக்கினேன்?" என்றான் அவன். நம் வீடுகளில் பலரும் கூறும் சமாதானம் இதுவே. ஆகவே இதனைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது நம் அனைவருக்கும் நலம்.

அவன் பயன்படுத்தியது டொரண்ட் என்னும் முறை. இம்முறையில் ஒரு படம் பல ஆயிரம் சிறு துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. நம் கணினி ஒவ்வொரு துண்டையும் பிறருடைய கணினிகளிலிருந்து பெறுகிறது. பெற்ற துண்டுகளை அதே வேளையில் வேறு பலருக்கு வழங்கவும் செய்கிறது. வாங்குகிறவனே கொடுக்கிறவனுமாகிறான். "நான் பரப்பவில்லை" என்று என் மருமகன் சொன்னது மெய்யென்றே அவன் நம்பினான். ஆனால் அவன் உறங்கிக்கொண்டிருந்தபோதும் அவன் கணினி பரப்பிக்கொண்டுதான் இருந்தது.

இதில் ஒரு வேறுபாட்டை அறிதல் வேண்டும். திருட்டுப் படத்தைப் பார்ப்பது மட்டுமே குற்றமாகாது என்றும், அனுமதியின்றி விநியோகித்தல், பலர் முன் காட்டுதல், விற்றல் போன்றவையே குற்றமென்றும் மும்பை உயர்நீதிமன்றம் 2016ஆம் ஆண்டில் விளக்கியது. டொரண்ட் வழியே இறக்குகிறவனோ, தான் அறியாமலே பார்வையாளன் என்ற எல்லையைத் தாண்டி விநியோகிப்பவனாகிவிடுகிறான்.

அத்தகையோர் மீது நம் மாநிலத்திலேயே வழக்கு வந்ததுண்டு. 2012ஆம் ஆண்டில் அமல் நீரத் இயக்கிய 'பேச்சிலர் பார்ட்டி' என்ற படத்தை இணையத்தில் ஏற்றியோரும் இறக்கியோருமாக 1,010 பேர் மீது, கேரளக் காவல்துறையின் திருட்டுப்பட ஒழிப்புப் பிரிவு வழக்குப் பதிவு செய்தது. புகார் கொடுத்தது, அப்படத்தின் குறுந்தட்டு உரிமையைப் பெற்றிருந்த நிறுவனம். அவர்களைக் கண்டுபிடிக்க உதவிய 'ஏஜண்ட் ஜாடூ' என்னும் மென்பொருளை ஆக்கியது நம் கொச்சியிலிருந்த ஒரு நிறுவனமே.

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 63ஆம் பிரிவின்படி, அறிந்தே உரிமையை மீறுவோருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ரூ. 50,000 முதல் ரூ. 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கப்படலாம். வியாபார ஆதாயம் கருதாது செய்த குற்றமாயின், தக்க காரணங்களைப் பதிவு செய்து நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். இக்குற்றத்துக்கு வாரண்ட் இன்றியே போலீசார் கைது செய்யலாம் என்றும், ஜாமீனை உரிமையாகக் கேட்க இயலாது என்றும் உச்சநீதிமன்றம் 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் தீர்ப்பளித்தது. இவையன்றி, படத்தின் உரிமையாளர் நஷ்டஈடு கோரித் தனியே சிவில் வழக்கும் தொடுக்கலாம்.

இவற்றைப் படித்தபோது எனக்கு வேறொரு விதி நினைவுக்கு வந்தது. 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் வைக்கப்படும் ரயில்வே ஊழியர், தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டவராகவே கருதப்படுவார். இறக்கியவன் மருமகன்; இணைப்போ என் பெயரில் இருந்தது.

இவ்விடத்தில்தான் இத்தகைய வழக்குகளின் பெரும் சிக்கல் இருக்கிறது. கண்காணிக்கும் மென்பொருளுக்குப் புலப்படுவது ஐ.பி. முகவரி என்னும் ஓர் எண்ணே; ஆளின் முகம் அன்று. எங்கள் ரயில்வேயில் ஒரே பி.என்.ஆர். எண்ணில் ஆறு பேர் வரை பயணம் செய்யலாம். பெட்டியில் விளக்கு உடைந்து கிடந்தால், டிக்கெட் எடுத்தவர் யாரென்று அந்த எண் சொல்லும். உடைத்த கை எதுவென்று சொல்லாது. ஐ.பி. எண்ணும் அத்தகையதே. இன்று நம் வீட்டுக்கு வழங்கப்பட்ட எண் நாளை வேறொரு வீட்டுக்குப் போகலாம். நம் வைஃபையை அடுத்த வீட்டுப் பிள்ளையும் பயன்படுத்தலாம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்னும் பழமொழி இதற்கு நன்கு பொருந்தும்.

பிற நாடுகளும் இந்தச் சிக்கலைக் கண்டன. அமெரிக்காவில் இசைத்தட்டு நிறுவனங்கள் 2003 முதல் ஏறத்தாழ 35,000 தனி மனிதர்கள் மீது நடவடிக்கை எடுத்துவிட்டு, 2008ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வழியைக் கைவிட்டன. ஆஸ்திரேலியாவில் 'டல்லஸ் பையர்ஸ் கிளப்' படத்தின் உரிமையாளர்கள் 4,726 ஐ.பி. எண்களுக்கு உரியோரின் பெயர்களைக் கேட்டு நீதிமன்றம் சென்றார்கள். அக்குடும்பங்களுக்கு அனுப்பப்போகும் கடிதத்தை முதலில் தமக்குக் காட்டவேண்டும் என்றார் நீதிபதி. அளவுக்கு மீறிப் பணம் கேட்பதைக் கண்டு, 2015ஆம் ஆண்டில் 6 லட்சம் டாலர் பிணைத்தொகை கட்டினாலன்றிப் பெயர்களைத் தர இயலாது எனத் தீர்ப்பளித்தார். உரிமையைக் காக்க வந்த வழக்கு, ஏழைக் குடும்பத்தை மிரட்டும் கருவியாகிவிடக் கூடாது என்பதே அவர் கருத்து.

குற்றத்தின் வேர் எங்கே இருக்கும் என்பதற்கு நம் மாநிலத்து உதாரணம் ஒன்றுண்டு. 2015ஆம் ஆண்டில் 'பிரேமம்' படம் இணையத்தில் வெளியானபோது, அதை ஏற்றியதாக முதலில் பிடிபட்டவர்கள் கொல்லத்து மாணவர்கள். ஆனால் வெளியான பிரதியோ தணிக்கைக்கு அனுப்பப்பட்ட பிரதி. பின்னர்த் திருவனந்தபுரம் தணிக்கை அலுவலகத்தின் தற்காலிக ஊழியர்கள் சிலர் கைதாயினர். கொட்டகையில் களவாகப் படம்பிடிப்போருக்கு மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், குறைந்தது ரூ. 3 லட்சம் அபராதமும் என்று 2023ஆம் ஆண்டுச் சினிமாட்டோகிராப் திருத்தச் சட்டம் விதித்திருப்பது, இந்த வேரை நாடும் முயற்சியே. வேரை விட்டு இலையைக் கிள்ளுவதால் பயன் சிறிது.

ஆயினும் அன்பர்களே, சட்டம் வேரைத் தேட வேண்டும் என்பதால் இலைக்குக் குற்றமில்லை என்றாகாது. ஒரு படத்தின் வருவாயில் நடிகருக்கு மட்டுமன்றி, விளக்குத் தூக்குபவர், தையற்காரர், கொட்டகைக் காவலர் ஆகியோருக்கும் கூலி உண்டு. டிக்கெட் இன்றிப் பயணம் செய்பவரை நாம் கெட்டிக்காரர் என்று போற்றுவதில்லையே!

ஆகவே சில சொற்கள். வைஃபையின் கடவுச்சொல்லை மாற்றுங்கள், கேட்டவர்க்கெல்லாம் கொடாதீர்கள். டொரண்ட் செயலி கணினியில் இருக்கிறதா என்று பிள்ளைகளிடம் வெளிப்படையாகக் கேளுங்கள், கோபித்தால் மறைப்பார்கள். உண்மையான நோட்டீஸ் வந்தால் எதையும் அழிக்காமல் வழக்கறிஞரை நாடுங்கள். தொலைபேசியில் மிரட்டி உடனே பணம் அனுப்பச் சொல்பவர் போலீசார் அல்லர். ஒரு காசும் அனுப்பாதீர்கள்.

என் மருமகன் அன்றிரவே அந்தச் செயலியை நீக்கிவிட்டான். "நீங்களும்தானே உட்கார்ந்து பார்த்தீர்கள், மாமா?" என்று அவன் கேட்டபோது என்னால் மறுமொழி கூற இயலவில்லை. அடுத்த ஞாயிறு அதே படத்துக்கு ஐந்து டிக்கெட்டுகள் வாங்கி, எர்ணாகுளத்தில் கொட்டகையிலேயே பார்த்துவந்தோம். கதை தெரிந்திருந்தும் ஒருவரும் சலிப்படையவில்லை. பிழைக்க வந்த ஊரில் நம் பெயரே நமக்கு முதல். அதைக் காக்கும் பொறுப்பு, வீட்டு இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடமிருந்தே தொடங்குகிறது.