கண்ணும் தொழிலும் (9): தங்கக் கம்பியும் லேசர் கதிரும்

விழிக்கோளம் கொஞ்சம் நீண்டுவிட்டால் தூரத்துப் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது, அதுதான் கிட்டப்பார்வை என்று சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் பாயான் லெப்பாசுக்குப் போவோம். பினாங்கில் கண்ணையும் பிழைப்பையும் சேர்த்துப் பேச வந்தவர்கள் அந்த இடத்தைத் தொடாமல் போக முடியாது.

1969-இல் ஜார்ஜ் டவுன் தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. ஊரில் வேலை இல்லை. அப்போது முதலமைச்சராக இருந்த லிம் சோங் இயூ அந்நிய மின்னணு நிறுவனங்களைத் தேடிப்போய் அழைத்து வந்தார். 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கியது. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் அமைத்த முதல் ஆலை அங்கேதான் வந்தது. கம்பங்களிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் இளம்பெண்கள் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். அதில் நம் பிள்ளைகளும் உண்டு.

அவர்கள் செய்த வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நகத்தைவிடச் சிறிய சில்லு ஒன்று. அதன் விளிம்பில் இருக்கும் புள்ளிகளிலிருந்து வெளிச் சட்டத்துக்குத் தங்கக் கம்பி இழுத்து ஒட்ட வேண்டும். கம்பியின் கனம் சுமார் 25 மைக்ரான், தலைமுடியில் பாதிகூட இல்லை. வெறும் கண்ணுக்கு அது சரியாகத் தெரியாது. நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்தபடி, ஒரு முனை, மறுமுனை, அடுத்த கம்பி என்று ஷிப்ட் முடியும்வரை போகும். எண்பதுகளில் தானியங்கி இயந்திரங்கள் பரவிய பிறகுதான் அந்த வேலை மனிதக் கண்ணைவிட்டு மெல்ல விலகியது.

ரேச்சல் கிராஸ்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் எழுபதுகளின் இறுதியில் தென்கிழக்காசிய மின்னணுத் தொழிலாளப் பெண்களைப் பற்றி எழுதினார். நுண்ணோக்கி வேலையில் சில ஆண்டுகளிலேயே பார்வை மங்கிப்போவதை அதில் பதிவு செய்தார். அது முழுக்கக் கிட்டப்பார்வைதானா, கண் சோர்வும் சேர்ந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் வளர்ந்தவர்களின் கண் மாறவே மாறாது என்று சொல்லித் தள்ளிவிடவும் முடியாது. பிரிட்டனில் மருத்துவ ஆய்வக நுண்ணோக்கிப் பணியாளர்களை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1997-இல் வெளியான ஓர் ஆய்வில், அதுவரை நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்த பலருக்கும் கிட்டப்பார்வை தொடங்கியிருந்தது, ஏற்கெனவே இருந்தவர்களில் பலருக்குக் கூடியிருந்தது. கூர்மையான கண்ணை நம்பி ஆள் எடுத்த ஒரு தொழில், ஆள் விலகும்போதும் அந்தக் கண்ணைச் சோதித்து அனுப்பியிருக்க வேண்டும். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அதே சில்லுத் தொழிலின் ஆய்வுக்கூடத்திலிருந்துதான், கிட்டப்பார்வையை லேசரால் சரிசெய்யும் லேசிக் சிகிச்சைக்கு வழி பிறந்தது. நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஐபிஎம் வாட்சன் ஆய்வகத்தில் ரங்கசாமி ஸ்ரீனிவாசன் என்ற வேதியியலாளர் இருந்தார். 1929-இல் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர். எக்சைமர் லேசரின் 193 நானோமீட்டர் புற ஊதாக் கதிரைப் பிளாஸ்டிக் மீது பாய்ச்சினால், பட்ட இடம் கருகாமல் மெல்லிய அடுக்கு மட்டும் நீங்குவதை அவர் குழு கண்டது. 1981 நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு மறுநாள், வீட்டில் மிஞ்சிய வான்கோழித் துண்டை ஆய்வகத்துக்கு எடுத்துவந்து அதன்மீதும் கதிரைச் செலுத்தினார். வெட்டு சுத்தமாக விழுந்தது, ஓரத்தில் தீய்ந்த அடையாளமே இல்லை. ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் என்ற இரு சகாக்களோடு சேர்ந்து அதற்குக் காப்புரிமை பெற்றார். 1983-இல் ஸ்டீபன் ட்ரோக்கல் என்ற கண் மருத்துவர் ஸ்ரீனிவாசனோடு சேர்ந்து, கருவிழியின் முன்படலத்தை இந்தக் கதிரால் செதுக்க முடியும் என்று காட்டினார். பல ஆண்டுகள் கழித்து, 2013-இல், ஸ்ரீனிவாசன், வின், பிளம் மூவருக்கும் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது. நம் பள்ளிகளில் ஸ்ரீனிவாசன் பெயரைச் சொல்லித் தர வேண்டும்.

கருவிழியின் முன்படலம் சுமார் அரை மில்லிமீட்டர் கனம். லேசிக்கில் அதன் மேலடுக்கை மெல்லிய மடலாகத் திறந்து, உள்ளே லேசரால் செதுக்கி, மடலை மூடிவிடுகிறார்கள். நாம் ‘பவர் நூறு’ என்று சொல்லும் ஒவ்வொரு படிக்கும் ஏறத்தாழ 12 முதல் 16 மைக்ரான் போகும். அதாவது பவர் முந்நூறு உள்ளவருக்கு நீக்கப்படுவது பாயான் லெப்பாஸ் தங்கக் கம்பி இரண்டின் கனம்கூட இல்லை. அவ்வளவு நுட்பமான வேலை என்பதால்தான் சோதனைகள் முக்கியம். படலம் மெலிந்தோ கூம்பாகவோ இருந்தாலும், கண் வறட்சி இருந்தாலும், பவர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தாலும் நல்ல மருத்துவர் ‘வேண்டாம்’ என்பார். அப்படிச் சொல்கிறவரை நம்புங்கள்.

ஆனால் லேசிக்கா, லென்சா, கண்ணாடியா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் வேலை செய்யும் பொருள் உங்கள் கண்ணிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

லிட்டில் இந்தியாவில் நகைப் பத்தர் ஒருவர். ஐம்பதைத் தாண்டியவர், பவர் முந்நூறு. வாடிக்கையாளர் உள்ளே வந்தால் கண்ணாடி வழியாக முகம் பார்த்துப் பேசுவார். தாலிக்கொடியின் கண்ணிகளைப் பற்றவைக்கக் குனியும்போது கண்ணாடி நெற்றிக்கு ஏறிவிடும். பவர் முந்நூறு உள்ள கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமலே 33 சென்டிமீட்டரில் தெளிவாகத் தெரியும். நூறு சென்டிமீட்டரை மூன்றால் வகுத்தால் வருகிற கணக்குதான் அது. பவர் இருநூறு என்றால் 50, ஐந்நூறு என்றால் 20. அவர் வயதொத்தவர்கள் வெள்ளெழுத்துக் கண்ணாடி தேடிக்கொண்டிருக்கும்போது இவர் வெறுங்கண்ணால் பொடி வைத்து ஊதுகிறார். ‘ஆபரேஷன் பண்ணிக்குங்க அண்ணே, கண்ணாடித் தொல்லை விடும்’ என்று பலரும் சொல்லியிருக்கிறார்கள். பண்ணிக்கொண்டால் தூரம் தெளியும், ஆனால் கைக்கெட்டும் தூரத்துக்குக் கண்ணாடி போட வேண்டிவரும். அவர் தொழில் முழுவதும் அந்தக் கைக்கெட்டும் தூரத்தில்தானே இருக்கிறது! அவருக்கு லேசிக் வேண்டாம் என்பது என் கருத்து.

இருபத்தைந்து வயதில், பவர் நிலைத்துவிட்ட ஒரு கிடங்குத் தொழிலாளிக்கு இதே பதிலைச் சொல்ல மாட்டேன். முகக்கவசம் போட்டதும் ஆவி படியும் கண்ணாடி, அதன் மேல் பாதுகாப்புக் கண்ணாடி, குனிந்தால் மூக்கில் வழியும் வியர்வை என்று அவர் படும் பாடு வேறு. ஷிப்ட் முடிந்து இரவில் பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் பிறைக்குத் திரும்புகிறவர்கள் மழையைப் பற்றிச் சொல்வார்கள்: ஒவ்வொரு துளியிலும் எதிரே வரும் விளக்கு உடைந்து சிதறும். லேசிக் செய்துகொண்டவர்களில் சிலருக்கும் முதல் சில மாதங்கள் இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும், கண் காயும். அதை முன்கூட்டியே அறிந்து, விடுப்பும் பணமும் ஒழுங்கு செய்துகொண்டு போவது நல்லது.

லென்ஸ் விஷயத்தில் எனக்குப் பெரிய பயம் தொழிற்சாலை பஸ்தான். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து ஏறியதும் பாதிப் பேர் கண்ணயர்ந்துவிடுகிறார்கள். லென்சோடு தூங்கும் கண்ணுக்குக் காற்று குறைகிறது, கிருமித் தொற்றின் அபாயம் பல மடங்கு ஏறுகிறது. பஸ் ஏறுமுன் கை கழுவித் துடைத்து, லென்சைக் கழற்றிவிட்டுப் பழைய கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரில் லென்சை அலசவே கூடாது, அதில் வாழும் அமீபா பார்வையையே பறித்துவிடும். பாசார் மாலாமில் வண்ண லென்ஸ் வாங்குவதை விட்டுவிடுங்கள். 1991-ஆம் ஆண்டு ஆப்டிக்கல் சட்டப்படி, தகுதி பெற்றவர் கண்ணைப் பார்த்துச் சீட்டு எழுதாமல் லென்ஸ் விற்பது குற்றம்.

இன்னொன்றைக் கடைகளும் விளம்பரங்களும் அழுத்திச் சொல்வதில்லை. லேசர் செதுக்குவது முன்படலத்தை மட்டும்தான். நீண்டுபோன விழி நீண்டபடியேதான் இருக்கும், பின்னால் விழித்திரை இழுபட்டு மெலிந்தபடியே இருக்கும். பவர் அறுநூறும் அதற்கு மேலும் இருந்தவர்கள், கண்ணாடியைத் தூக்கிப் போட்ட பிறகும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்குள் திடீரென மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாகப் பறந்தாலோ, ஒரு பக்கம் திரை இறங்குவதுபோல் மறைந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சோதனைக்குச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை கலங்கியிருக்கும், மோட்டார் சைக்கிள் ஓட்ட முடியாது. துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள்.

(தொடரும்)