லைன் அறுந்தால் விட்ட இடம் யாருக்கு ஞாபகம் இருக்கும்?

கைப்பேசியில் லைன் போய்த் திரும்பியதும், பாதியில் நின்ற வீடியோ விட்ட இடத்திலிருந்தே ஓடுகிறது. ஆனால் பாதி நிரப்பிய பாரம் மறுபடியும் அடையாள அட்டை எண்ணிலிருந்து தொடங்கச் சொல்கிறது. அதே கைப்பேசி, அதே லைன். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

மலாக்கா டவுனில் இருப்பவருக்கு இது எப்போதோ வரும் எரிச்சல். தெபோங், ஜாசின் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே, சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று ஆடுகிற வீட்டில் இருப்பவருக்கு அன்றாடப் பிரச்சினை. உதவித்தொகை மனு, பிள்ளையின் பள்ளிப் பதிவு, பணம் அனுப்புவது எல்லாமே இணையத்துக்குப் போய்விட்டதே!

நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான். எங்கே நிறுத்தினோம் என்பதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? உங்கள் கருவியா, எதிர்முனையில் உள்ள செர்வரா?

இதற்குத் தெளிவான உதாரணம், ஃபேஸ்புக்குக்கு வெகு காலம் முந்திய யூஸ்நெட். 1979-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் இருவரும் யோசித்த கலந்துரையாடல் வலை அது. 'சாக்.கல்ச்சர்.தமிழ்', 'சாக்.கல்ச்சர்.மலேசியா' என்ற குழுக்களும் அதில் இருந்தன. தமிழர்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் தமிழை எழுதிக்கொண்டார்கள். குழுக்களைப் படிக்க உதவும் மென்பொருளுக்குப் பெயர் நியூஸ்ரீடர். (எங்கள் அலுவலகத்தில் நியூஸ்ரீடர் என்றால் மேக்கப் போட்டுக்கொண்டு கேமரா முன்னால் உட்காருபவர். இது வேறு.)

1990-களில் மலேசியாவில் ஜாரிங் என்றால் 1511, டிஎம்நெட் என்றால் 1515 என்று டயல் செய்து இணையத்துக்குள் போக வேண்டும். வீட்டில் யாராவது இன்னொரு போனைத் தூக்கினால் போதும், லைன் போச்சு. அப்படி அடிக்கடி அறுபடும் லைனிலும் நியூஸ்ரீடர் சமாளித்தது.

எப்படி? நீங்கள் எதைப் படித்தீர்கள் என்று செர்வர் குறித்து வைப்பதே இல்லை. அந்தக் கணக்கு உங்கள் கணினியில், 'நியூஸ்ஆர்சி' என்ற சின்னக் கோப்பில் இருக்கும். குழுவின் பெயர், பக்கத்தில் '1-4210, 4215' என்பது போல எண்கள். 4210 வரை படித்தாயிற்று, நடுவில் நாலைத் தாண்டி 4215-ஐயும் படித்தாயிற்று என்று அர்த்தம். லைன் எத்தனை முறை அறுந்தாலும், கோப்பு சேமிக்கப்பட்டிருந்தால் விட்ட இடம் பத்திரம்.

படித்துக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோல்-இசட் அழுத்தி நியூஸ்ரீடரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்துவிட்டு, வேறு வேலை பார்க்கவும் யூனிக்ஸ் கணினிகளில் வழியுண்டு. மென்பொருள் தூங்கும், ஆனால் செர்வருக்கு அது தெரியாது. பேச்சு மூச்சில்லாத இணைப்பை அது துண்டித்துவிடலாம். 2006-ல் புதுப்பிக்கப்பட்ட என்.என்.டி.பி. விதிமுறை, துண்டிப்பதற்கு முன் குறைந்தது 3 நிமிடமாவது காத்திருக்கச் சொல்கிறது. நீங்கள் அரை மணி நேரம் கழித்து 'எஃப்ஜி' என்று தட்டி எழுப்பினால், மென்பொருள் செத்த இணைப்பில் பேசப் பார்க்கும்.

இங்கே செய்ய வேண்டியது, புதிதாக இணைந்து, எந்தக் குழு என்பதை மறுபடி சொல்லிவிட்டு, அடுத்த மடலைக் கேட்பது. குழுவைச் சொல்லாமல் வெறும் எண்ணைக் கேட்டால் '412' என்று பதில் வரும். எந்தக் குழுவும் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்று பொருள். புது இணைப்பைப் பொறுத்தவரை நீங்கள் புது ஆள். இன்னொரு சிக்கலும் உண்டு. மடல் எண்களை ஒவ்வொரு செர்வரும் தானே போட்டுக்கொள்கிறது. செர்வரை மாற்றினால் பழைய கோப்பின் கணக்கு உதவாது.

இப்போது உங்கள் கைப்பேசிக்கு வருவோம். பாதியில் நின்ற டவுன்லோட் தொடர்வதும் இதே வழிதான்: எத்தனை பைட் வந்திருக்கிறது என்று கருவிக்குத் தெரியும், மீதியை மட்டும் கேட்கும். மின்னல் எஃப்.எம். நேரலை அப்படியல்ல, லைன் இல்லாத நேரத்தில் போன பாட்டு போனதுதான். பாரங்களில் பெரும்பாலும் கணக்கு தலைகீழ். நீங்கள் யார், எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்பதை செர்வர் வைத்திருக்கும், அதுவும் குறிப்பிட்ட நிமிடங்களுக்கு மட்டும். நேரம் கடந்தால் அழித்துவிடும். அதனால் நீளமான விளக்கங்களை முதலில் கைப்பேசி நோட்ஸில் எழுதி, பிறகு பாரத்தில் ஒட்டுங்கள். 'டிராஃப்ட்' சேமிக்கும் பொத்தான் இருந்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் அழுத்துங்கள்.

படிப்பது வரை பெரிய ஆபத்து இல்லை. ஒரே மடலை இரண்டு முறை படித்தால் யாருக்கு என்ன நஷ்டம்? அனுப்புவதில்தான் விஷயமே இருக்கிறது. மடலை அனுப்பிவிட்டீர்கள், 'கிடைத்தது' என்ற பதில் வருவதற்குள் லைன் போய்விட்டது. போனது மடலா, பதில் மட்டுமா? உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே தெரியும். என்.என்.டி.பி. விதிமுறை இதற்கு இரண்டு வழி சொல்கிறது. மறுபடி அனுப்பும் முன் முதல் மடல் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். அல்லது இரண்டாவது முயற்சியும் அதே அடையாள எண்ணோடு போக வேண்டும், அப்போதுதான் இரட்டைப் பதிவு ஆகாது.

டுயிட்நவ்வில் 300 ரிங்கிட் அனுப்பும்போது திரை சுற்றிக்கொண்டே இருந்து நின்றுவிட்டால் உங்களுக்கும் அதே நிலைமைதான். அடையாள எண் உங்கள் கையில் இல்லை; செயலி அதைச் சரியாகக் கையாளும் என்று நம்பி உடனே மறுபடி அழுத்தாதீர்கள். லைன் வந்ததும் பரிவர்த்தனைப் பட்டியலையும் மீதித் தொகையையும் பாருங்கள். பணம் பெற வேண்டியவரிடமும் கேளுங்கள். 'பரிசீலனையில்' என்று காட்டினால் அது முடியும் வரை காத்திருந்து, தேவைப்பட்டால் குறிப்பு எண்ணோடு வங்கியை அழையுங்கள். மனு என்றால், 'நிலை அறிய' என்ற பக்கத்தில் அடையாள அட்டை எண்ணைப் போட்டுப் பார்த்துவிட்டு, பதிவாகவில்லை என்று உறுதியான பிறகே இன்னொன்றை அனுப்புங்கள்.