சிறு திருகாணி, பெரும் பொறுப்பு



உங்கள் வாப்பா ஓட்டிய அம்பாஸடர் கார் இன்றும் வீட்டில் நிற்கிறதா? 2014ஆம் ஆண்டுடன் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. எனவே, உதிரிப் பாகங்களைத் தேர்வதில் இனி உங்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

அதன் பழைய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினில் 8 வால்வுகள் உண்டு. ஒவ்வொன்றின் இடைவெளியையும் சரிசெய்வது ராக்கர் ஆர்மில் உள்ள டாப்பெட் ஸ்குரூ. அதன் உருண்டை முனை புஷ் ராடின் கிண்ணத்தில் அமர்ந்து அசைகிறது. நாளடைவில் அம்முனை தேய்ந்து குழி விழும். பிறகு எவ்வளவு திருகினாலும் அளவு நிலைக்காது.

புதிது வாங்கச் செல்கையில் பழையதையும் எடுத்துச் செல்லுங்கள். மரை, நீளம், உருண்டையின் அளவு மூன்றும் ஒத்திருக்க வேண்டும். பழையதில் எண்ணெய்த் துளை இருப்பின் புதியதிலும் இருத்தல் அவசியம். முனை கடினப்படுத்தப்பட்டு மழமழப்பாக இருக்கட்டும். லாக் நட் ஆட்டமின்றி ஓட வேண்டும். புஷ் ராடின் கிண்ணம் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். இல்லையேல் புதிய முனையும் விரைவில் கெடும்.

ஓசையைக் குறைப்பதற்காக இடைவெளியை இறுக்கச் சொல்லாதீர்கள். வால்வு முழுதாக மூடாமல் அனல் கசிந்து, அதன் விளிம்பு கருகிவிடும். ஓசையிடும் டாப்பெட் நம்மை எச்சரிக்கிறது; ஓசையற்றதோ சொல்லாமல் கெடுக்கிறது. கையேடு கூறும் அளவையே ஃபீலர் கேஜால் வையுங்கள்.

அளவில் நேர்மையை வலியுறுத்துவது நம் மார்க்கம். பயணத்தில் குடும்பத்தாரின் உயிர் உங்களிடம் அமானிதம். சிறு திருகாணியிலும் அதைப் பேணுவோமாக!