நான்கு நிமிடப் பயிற்சிக்கும் நிதானம் தேவை

கொவிட்-19 பரவலால் 2020 ஏப்ரலில் உடற்பயிற்சிக்கூடங்கள் மூடப்பட்டபோது, சிங்கப்பூரில் பலரும் வீட்டு வரவேற்பறையிலேயே தீவிரப் பயிற்சியைத் தொடங்கினர். அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது.

பிரபலமான ‘தபாட்டா’ முறையில் 20 விநாடி முழுவேகப் பயிற்சி, 10 விநாடி ஓய்வு. எட்டுச் சுற்றுகள், நான்கே நிமிடம். ஆனால், ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாட்டா 1996ல் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றோர் உடற்பயிற்சிக்குப் பழகிய இளையர்கள்.

புதியவர்கள் முதல் நாளே அளவுமீறினால் தசைநார்கள் சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படலாம். கடும் தசைவலியுடன் சிறுநீரும் ‘தே ஓ’ நிறத்துக்கு மாறினால் உடனே மருத்துவரை நாட வேண்டும்.

லிட்டில் இந்தியாவிலிருந்து ஃபேரர் பார்க் வரை விறுவிறுவென நடப்பதும் நல்ல தொடக்கமே. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கம், இரண்டு நாள் தசை வலுப்பயிற்சி என்பதே பெரியவர்களுக்கான பரிந்துரை. வேகத்தைப் படிப்படியாகக் கூட்டலாம்.