அரம்பூர் தொங்குபாலம்

குக்கே சுப்ரமண்யா கோவிலுக்குப் போய்வந்த குடும்பங்கள் நம் சங்கத்தில் நிறைய உண்டு. அதே வட்டாரத்தில், சுள்ளியாவை அடுத்த அரம்பூரில், பயஸ்வினி ஆற்றின் மேல் 1989-இல் ஊர் மக்கள் கைகொடுத்து ஒரு நடைபாலம் எழுந்த கதை பலர் காதில் விழுந்திருக்காது.

தென்கன்னட மாவட்டத்து மழை நம் ஊர் ஐப்பசி மழை போல நாலு நாள் பெய்து ஓய்வதல்ல. ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. ஆறு பெருகிவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் ஆஸ்பத்திரி போகிற நோயாளியும் உயிரைப் பணயம் வைத்துத்தான் கடக்க வேண்டும். அரம்பூர்க்காரர்கள், சுள்ளியாவில் ஒர்க்ஷாப் நடத்திய கிரீஷ் பரத்வாஜிடம் போய்ப் பாலம் கேட்டார்கள். அவரோ மெக்கானிகல் இன்ஜினியர். பாலம் அவர் தொழில் அல்ல. ஆனாலும் ஒப்புக்கொண்டார். பணமும் உடலுழைப்பும் ஊர் கொடுத்தது.

ஏன் தொங்குபாலம்? நடு ஆற்றில் தூண் நிறுத்தினால் வெள்ளத்தில் வரும் மரமெல்லாம் அதில்தான் மோதும். பெரிய இயந்திரங்களைக் கொண்டுபோக இத்தகைய ஊர்களுக்குச் சாலையும் இருக்காது. தொங்குபாலத்துக்கு இரு கரையிலும் கோபுரம், கம்பிவடங்கள், அவற்றை இழுத்துப் பிடிக்க மண்ணில் புதைத்த கான்கிரீட் கட்டிகள் போதும். சூட்சுமம் வடத்தின் தொய்வில் இருக்கிறது. பாலத்தின் நீளத்தில் பத்தில் ஒரு பங்கு தொய்வு விட்டால், வடத்தின் கிடைமட்ட இழுப்பு மொத்த பாரத்தைப் போல் ஒன்றேகால் மடங்கு. பார்வைக்கு நன்றாயிருக்கட்டும் என்று தொய்வைப் பாதியாகக் குறைத்தால் இரண்டரை மடங்கு! அத்தனையும் அந்தக் கட்டிகளின் தலையில்தான் விழும்.

சக்லேஷ்பூர்–சுப்ரமண்யா மலைப்பாதையை அகலப் பாதையாக்கும் வேலையில் இருந்தபோது, ஒரு ஞாயிறன்று மனைவியோடு போய் நடந்து பார்த்தேன். கன்னடத்தில் இதைத் 'தூகு சேதுவே' என்கிறார்கள். சேது நமக்கும் தெரிந்த சொல்தானே! பாலம் லேசாக ஆடியது. என் மனைவி கைவடத்தை விடவே இல்லை. எதிரே தலையில் புல்லுக்கட்டோடு வந்த அம்மாள் எதையும் பிடிக்காமல் எங்களைத் தாண்டிப் போனார்.

தன் பிள்ளை நடக்கப்போகிற பாலத்துக்குக் குழி தோண்டுகிறவர் குறைத்துத் தோண்ட மாட்டார் என்று சிலர் நெகிழ்ந்து சொல்வதுண்டு. நான் அதை முழுக்க ஒப்ப மாட்டேன். அங்கேயும் டேப் வைத்து அளக்கத்தான் வேண்டும். ஊராரே கட்டுவதன் பலன் பிற்பாடு தெரியும். எங்கள் ரயில்வே பாலம் ஒவ்வொன்றுக்கும் ஆய்வுப் பதிவேடு உண்டு, கையெழுத்துப் போட ஆள் உண்டு. கிராமத்து நடைபாலத்துக்கு யார் இருக்கிறார்கள்? கிளாம்ப் தளரும், வடத்தில் துரு ஏறும், நடைபலகை பெயரும். ஸ்பானர் பிடித்து அதை முறுக்கியவரே ஊரில் இருந்தால், மழைக்கு முன் எந்த நட்டைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பரத்வாஜ் பிறகு கர்நாடகம், கேரளம், ஆந்திரம், ஒடிசா என்று நூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள் கட்டினார். 2017-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.