பெரிய ரீஃபண்ட் வந்தால் லாபமா? ஒரு ரூபாய்-மாதக் கணக்கு

ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ஐ.டி. கம்பெனி கேன்டீன்களில் தவறாமல் காதில் விழும் கேள்வி: "உனக்கு ரீஃபண்ட் எவ்வளவு வந்துச்சு?" லட்சத்தைத் தாண்டிச் சொல்பவரை மற்றவர்கள் கொஞ்சம் பொறாமையோடு பார்ப்பார்கள். "எங்க ஆடிட்டர் சூப்பர்ப்பா" என்று அவரும் பெருமையாகச் சொல்வார். அதே மேசையில் நாலைந்து பர்சனல் ஃபைனான்ஸ் வீடியோ பார்த்த இன்னொருவர் இருப்பார். "அட, அது நீ கவர்மென்ட்டுக்கு வட்டியில்லாமக் கொடுத்த கடன்" என்பார்.

இரண்டுமே முழுசாகச் சரியில்லை. எங்கே சரி, எங்கே தப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில் ஆடிட்டர் விஷயம். ஒரே சம்பளம், ஒரே கழிவுகள் உள்ள இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் அந்த வருட வரி 4 லட்சம். ஒருவருக்கு கம்பெனி சரியாக 4 லட்சம் டி.டி.எஸ். பிடித்தது. இன்னொருவருக்கு 5.2 லட்சம் பிடித்தது. முதலாமவருக்கு ரீஃபண்ட் பூஜ்யம், இரண்டாமவருக்கு 1.2 லட்சம். கடைசியில் இருவரும் கட்டிய வரி அதே 4 லட்சம்தான். ஆடிட்டரின் திறமை தெரிய வேண்டிய இடம் மொத்த வரி. ரீஃபண்ட் தொகை காட்டுவது, எவ்வளவு அதிகமாகப் பிடித்தார்கள் என்பதை மட்டும்தான்.

அடுத்தது 'வட்டியில்லாக் கடன்'. இந்த வாசகம் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே ரீஃபண்ட் சராசரியாகச் சுமார் 3,000 டாலர். கெடு தேதிக்குள் ரிட்டர்ன் போட்டவருக்கு, அந்தக் கெடு தேதியிலிருந்து 45 நாட்களுக்குள் பணத்தைத் திருப்பிவிட்டால், ஐ.ஆர்.எஸ். பொதுவாக வட்டி தர வேண்டியதில்லை. எனவே அங்கே பெரும்பாலானவர்களுக்கு அது நிஜமாகவே வட்டியில்லாக் கடன்தான்.

இந்தியாவில் சட்டம் வேறு. 1961 வருமான வரிச் சட்டத்தின் 244ஏ பிரிவின்படி ரீஃபண்டுக்கு மாதம் அரை சதவீதம், அதாவது வருடத்துக்கு 6% தனிவட்டி உண்டு. (2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் 2025 ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிரிவு எண்கள் மாறுகின்றன. இந்தக் கட்டுரையில் பழைய எண்களையே தருகிறேன்.) சேமிப்புக் கணக்கைவிட 6% நல்ல வட்டிதானே என்று தோன்றும். அதில் நான்கு முடிச்சுகள் இருக்கின்றன.

1. வட்டி தொடங்குவது உங்கள் பணத்தைப் பிடித்த தேதியிலிருந்து இல்லை. நிதியாண்டு முடிந்து வரும் ஏப்ரல் 1 முதல்தான். போன வருடம் ஏப்ரலில் பிடித்த பணத்துக்கும் அப்படியே.

2. ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட வேண்டும். தாமதமானால் ரிட்டர்ன் போட்ட நாளிலிருந்துதான் வட்டி.

3. ரீஃபண்ட் தொகை உங்கள் மொத்த வரியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வட்டியே கிடையாது. 15 லட்சம் வரி கட்டுபவருக்கு 1.4 லட்சம் ரீஃபண்ட் வந்தால், அது அமெரிக்க மாடல் வட்டியில்லாக் கடன்தான்.

4. வரும் வட்டிக்கும் வரி உண்டு. அடுத்த ரிட்டர்னில் 'இதர வருமானம்' தலைப்பில் காட்ட வேண்டும்.

சரி, நிஜமாக எவ்வளவு இழப்பு? சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட்டில் எத்தனை ஆள் எத்தனை மாதம் என்று 'மேன்-மந்த்' கணக்குப் போடுவோமே, அதே மாதிரி இங்கே 'ரூபாய்-மாதம்' என்று ஒரு அளவை வைத்துக்கொள்ளலாம். எவ்வளவு பணம், எத்தனை மாதம் உங்கள் கையில் இல்லாமல் போனது என்பதன் பெருக்கல்.

முதல் கதை. வாடகையும் வீட்டுக் கடன் வட்டியும் பெரிய தொகையாக இருப்பதால் ஒருவருக்குப் பழைய வரி முறைதான் லாபம். ஆனால் ஏப்ரலில் கம்பெனியிடம் எதுவும் சொல்லவில்லை. 2023-24 முதல் புதிய முறைதான் இயல்பான தேர்வு என்பதால், கம்பெனி அதன்படியே மாதம் 10,000 ரூபாய் அதிகமாகப் பிடித்துவிட்டது. அவர் ஜூலையில் பழைய முறைப்படி ரிட்டர்ன் போடுகிறார். ஆகஸ்ட் கடைசியில் 1.2 லட்சம் திரும்பி வருகிறது. போன வருடம் ஏப்ரல் கடைசியில் பிடித்த 10,000, 16 மாதம் வெளியே இருந்தது. மே மாதத்தது 15 மாதம். இப்படியே குறைந்து மார்ச்சில் பிடித்தது 5 மாதம். 16 முதல் 5 வரை கூட்டினால் 126. ஆக 10,000 × 126 = 12.6 லட்சம் ரூபாய்-மாதம்.

அரசு தரும் வட்டி: ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை 5 மாதம், 1.2 லட்சத்துக்கு 2.5%, அதாவது 3,000 ரூபாய். அதே பணம் அவர் கையில் இருந்திருந்தால்?

6% ஆர்.டி.யில் (மாதம் 0.5%) போட்டிருந்தால்: 6,300 ரூபாய்.
மாதம் 1% வட்டி நகைக் கடனை அடைத்திருந்தால்: 12,600 ரூபாய் மிச்சம்.
மாதம் 3.5% கிரெடிட் கார்டு பாக்கியை அடைத்திருந்தால்: 44,100 ரூபாய் மிச்சம், அதுவும் வட்டிக்கு வட்டி சேர்க்காமலே.

கடன் இல்லாதவருக்கு நஷ்டம் 3,300 ரூபாய். குடும்பத்தோடு ஒருமுறை நல்ல ஓட்டலுக்குப் போய் வந்த செலவு. இதற்காகத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். ஆனால் கார்டில் 'மினிமம் ட்யூ' மட்டும் கட்டிக்கொண்டு ஓட்டுபவருக்கு நஷ்டம் 41,000 ரூபாய்க்கு மேல். வந்த ரீஃபண்டில் மூன்றில் ஒரு பங்கு!

இரண்டாவது கதை. இன்னொருவர் ஏப்ரலிலேயே பழைய முறை என்று சொல்லிவிட்டார். ஆனால் ஜனவரியில் வாடகை ரசீதும் வங்கிச் சான்றும் கொடுக்க மறந்தார். கம்பெனி ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதமும் தலா 40,000 அதிகமாகப் பிடித்தது. இவருக்கும் ரீஃபண்ட் அதே 1.2 லட்சம். ஆனால் கணக்கு 40,000 × (7+6+5) = 7.2 லட்சம் ரூபாய்-மாதம்தான். ஆர்.டி. வட்டி 3,600, அரசு தருவது 3,000. நஷ்டம் வெறும் 600. அந்த மூன்று மாதம் வீட்டுச் செலவுக்குத் திண்டாடியது தனிக் கதை.

ஒரே ரீஃபண்ட், இரண்டு வேறு விளைவுகள். ஆகவே 'பெரிய ரீஃபண்ட் நல்லதா கெட்டதா' என்ற கேள்வியே சரியில்லை என்பது என் முடிவு. கேட்க வேண்டியவை இரண்டு: பணம் எத்தனை மாதம் வெளியே இருந்தது? அந்த நேரத்தில் நீங்கள் யாருக்கு, என்ன வட்டி கட்டிக்கொண்டிருந்தீர்கள்?

"கையில் வந்தா செலவாயிடும் சார், அங்கேயே கிடக்கட்டும்" என்று சொல்பவர்கள் உண்டு. இந்த வாதத்தைக் கேலி செய்ய மாட்டேன். நம் ஊரில் சீட்டுக் கட்டுவதன் பின்னால் இருப்பதும் இதே மனசுதான். ஆனால் கைக்கு வரும் முன்பே பிடித்தால்தான் சேமிப்பேன் என்றால், அதற்கு வி.பி.எஃப். இருக்கிறது. கம்பெனியே சம்பளத்தில் பிடித்து பி.எஃப். கணக்கில் போட்டுவிடும். 2024-25க்கு அறிவித்த வட்டி 8.25%. (வருடத்தில் உங்கள் பங்கு 2.5 லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதியின் வட்டிக்கு வரி உண்டு.) இல்லாவிட்டால் சம்பளம் வரும் மறுநாளே ஆர்.டி.க்குப் போகும்படி வங்கியில் சொல்லிவைக்கலாம். வருமான வரித்துறையைச் சீட்டுக் கம்பெனி ஆக்கினால், பணம் எந்தத் தேதியில் வரும் என்று சொல்ல ஆள் இல்லை. ரிட்டர்ன் போட்ட நிதியாண்டு முடிந்து 9 மாதம் வரை அதைப் பரிசீலிக்கத் துறைக்குச் சட்டப்படி அவகாசம் உண்டு. 2025 செப்டம்பரில் போட்டதற்கு 2026 டிசம்பர் 31 வரை! பெரும்பாலும் சீக்கிரமே வந்துவிடுகிறது, உண்மைதான். ஆனால் அதை நம்பிக் கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க முடியாது. பழைய பாக்கி ஏதாவது உங்கள் பெயரில் இருந்தால் 245 ஆம் பிரிவின்படி அதில் கழித்துக்கொள்ளவும் செய்வார்கள்.

சம்பளக்காரர்களைவிட இந்த விஷயம் உண்மையில் கடிப்பது வேறு இரண்டு வகையினரை.

ஒன்று, சொந்தமாகத் தொழில் செய்பவர்கள். தனியாக வேலை செய்யும் ஒரு ஆர்க்கிடெக்ட் வருடத்துக்கு 20 லட்சம் பில் போடுகிறார், வேறு வருமானம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். கம்பெனிகள் ஒவ்வொரு பில்லிலும் 10% பிடிக்கும், மொத்தம் 2 லட்சம். 44ஏடிஏ பிரிவில் பாதித் தொகையை லாபமாகக் காட்டினால் வருமானம் 10 லட்சம். 2025-26க்குப் புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் அவர் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். 2 லட்சமும் ரீஃபண்ட்! ஆபீஸ் வாடகைக்கும் ஆள் சம்பளத்துக்கும் கடன் வாங்கி ஓட்டும் ஒருவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. குறைந்த விகிதத்தில் பிடிக்கச் சொல்லி 197 ஆம் பிரிவின்படி ஃபார்ம் 13 மூலம் முன்கூட்டியே சான்றிதழ் வாங்கலாம்.

இரண்டு, ஊரில் சொத்தை விற்கும் என்.ஆர்.ஐ.கள். 60 லட்சத்துக்கு வாங்கிய ஃப்ளாட்டைச் சில வருடம் கழித்து 80 லட்சத்துக்கு விற்கிறார். லாபம் 20 லட்சம். அதற்கு வரி 12.5%, செஸ் சேர்த்து 2.6 லட்சம். ஆனால் சான்றிதழ் இல்லாவிட்டால் வாங்குபவர் வழக்கமாக முழு விலைக்கும் பிடிப்பார். சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து 14.3%, அதாவது 11.44 லட்சம். கிட்டத்தட்ட 8.84 லட்சம் மாதக்கணக்கில் முடங்கும். பத்திரப் பதிவுக்கு முன்பே சான்றிதழ் வாங்குவதுதான் ஒரே வழி. பதிவு முடிந்த பிறகு யோசித்துப் பிரயோஜனம் இல்லை.

அப்படியானால் ரீஃபண்டைப் பூஜ்யம் ஆக்கிவிடலாமா? அங்கேயும் கொஞ்சம் கவனம் தேவை. அரசு நமக்குத் தருவது மாதம் 0.5%. நாம் குறைவாகக் கட்டினால் கேட்பது மாதம் 1%. டி.டி.எஸ். போக மீதி வரி 10,000 ரூபாயைத் தொட்டாலே அட்வான்ஸ் டேக்ஸ் கட்ட வேண்டும். தொழில் வருமானம் இல்லாத 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் இதில் விலக்கு. எனவே கொஞ்சமாக ரீஃபண்ட் வரும்படி வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

ஏப்ரலில் இரண்டு வரி முறையிலும் கணக்குப் போட்டு, எது லாபமோ அதைக் கம்பெனியிடம் எழுத்தில் சொல்லுங்கள்.

வங்கி டெபாசிட் வட்டி, வேறு இடங்களில் பிடித்த டி.டி.எஸ்., டி.சி.எஸ். விவரங்களையும் கொடுங்கள். 2024 அக்டோபர் முதல் ஃபார்ம் 12பிஏஏ மூலம் இதைக் கம்பெனியிடம் தெரிவிக்க முடியும். அதற்கேற்பச் சம்பளத்தில் பிடிப்பது குறையும்.

வீட்டில் பெரியவர்களுக்கு வரியே வராது என்றால், டெபாசிட் உள்ள வங்கியில் ஒவ்வொரு வருடமும் ஏப்ரலிலேயே 15ஹெச் கொடுத்துவிடுங்கள்.

டிசம்பரில் ஒருமுறை சம்பளச் சீட்டை எடுத்து மறுபடி கணக்குப் பாருங்கள். சரிசெய்ய இன்னும் மூன்று மாதம் இருக்கும்.

"பெரிய ரீஃபண்ட் வாங்கித் தரேன், எனக்கு அதில் 10 சதவீதம் கொடுங்க" என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் மட்டும் போகாதீர்கள். இல்லாத வாடகை, கொடுக்காத நன்கொடை காட்டி வாங்கும் ரீஃபண்ட் உங்கள் பணம் இல்லை. பிடிபட்டால், ஏய்த்த வரியோடு அதைப் போல இரண்டு மடங்கு அபராதமும் வட்டியும் உண்டு. நோட்டீஸ் வருவது ஏஜென்ட்டுக்கு இல்லை, உங்கள் பான் எண்ணுக்குத்தான்.

அடுத்த முறை யாராவது "எவ்வளவு ரீஃபண்ட் வந்துச்சு?" என்று கேட்டால், "மொத்த வரி எவ்வளவு ஆச்சு?" என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அந்த எண் ஞாபகம் இருக்காது. தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய எண் அதுதான்.