மணி அடிக்கிறது, அழைப்பது யார்?
வீட்டுத் தொலைபேசிக்கு ஓர் எண் காட்டும் பெட்டி

வாசலில் யாராவது குரல் கொடுத்தால் நாம் உடனே கதவைத் திறந்து விடுவதில்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறோம். தெரிந்த முகமா, தெரியாத முகமா என்று பார்த்த பிறகுதான் தாழ்ப்பாளில் கை வைக்கிறோம். ஆனால் வீட்டில் டெலிபோன் மணி அடித்தால் மட்டும், அடுப்பில் கொதிக்கிற குழம்பையும் விட்டுவிட்டு ஓடிப் போய் எடுக்கிறோம். அந்தப் பக்கம் இருப்பது கட்டிக் கொடுத்த மகளா, ஆஸ்பத்திரியா, திருடனா? எடுத்துப் பேசினால்தான் தெரியும். திருடனாக இருந்தால், பேச ஆரம்பித்த பிறகு தெரிந்து என்ன பயன்?

தொலைபேசிக்கும் ஒரு ஜன்னல் வைத்துக் கொள்ளலாம். அதுதான் அழைப்பவர் எண்ணைக் காட்டும் சின்னப் பெட்டி. கைப்பேசியில் இந்த வசதி எப்போதுமே உண்டு. ஆனால் கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் பக்கம் லயத்திலும் தாமான் வீட்டிலும் இருக்கிற நம் பெரியவர்களில் பலருக்குக் கைப்பேசி ஒத்து வருவதில்லை. எழுத்து சின்னது, காது மந்தம், விரல் பட்டால் எங்கேயோ போய்விடுகிறது. அவர்களுக்கு மேசை மேல் இருக்கிற பழைய போன்தான் நம்பிக்கை. அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் படித்துவிட்டுச் செய்து கொடுக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆபீஸ் போன் காலம்

ஒரு காலத்தில் நமக்குத் தொலைபேசி என்றால் தோட்ட ஆபீசில் கிராணி மேசையில் இருந்த கறுப்பு போன்தான். வெளியூரில் சாவு என்றாலும் பேறு என்றாலும் சேதி அங்கேதான் வரும். ஆபீஸ் பையன் சைக்கிளை மிதித்துக் கொண்டு வெளிக்காட்டுக்கு வந்து சொல்வான். "யார் பேசினது?" என்று கேட்டால், "கிராணிக்குத்தான் தெரியும்" என்பான்.

1987 ஜனவரி 1-ஆம் நாள், அரசாங்கத்தின் தொலைபேசி இலாகா செய்து வந்த வேலையை சியாரிக்காட் தெலிகோம் மலேசியா ஏற்றுக் கொண்டது. அதன் பிறகு வந்த ஆண்டுகளில் சாதாரணக் குடும்பங்களின் வீட்டுக்குள்ளும் போன் வந்தது. அழைப்பவர் எண்ணைக் காட்டும் சேவை அமெரிக்காவில் விற்பனைக்கு வந்ததும் 1980-களின் பிற்பகுதியில்தான். நம் வீட்டில் போன் வந்துவிட்டது. யார் கூப்பிடுகிறார்கள் என்று முன்கூட்டியே பார்க்கும் பழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

பெட்டிக்கு எப்படித் தெரிகிறது?

பெட்டிக்குள் மாயமந்திரம் எதுவும் இல்லை. எண்ணை அனுப்புவது தொலைபேசி நிலையம். உங்கள் வீட்டுக்கு மணியை அனுப்பும்போதே, அழைக்கிறவரின் எண்ணையும் ஒலிக்குறியாக மாற்றி அதே கம்பியில் அனுப்புகிறது. அமெரிக்க முறையில் அந்தக் குறி முதல் மணிக்கும் இரண்டாவது மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் வரும். பிரிட்டிஷ் முறையில் முதல் மணிக்கு முன்பே வந்துவிடும். வேறு சில நாடுகளில், எண் பொத்தானை அழுத்தினால் கேட்குமே, அந்த மாதிரி ஒலியிலேயே வரும். வருகிற குறியைப் படித்து எழுத்தாகக் காட்டுவது மட்டுமே பெட்டியின் வேலை.

இதிலிருந்து மூன்று விஷயம் தெரிந்து கொள்ளலாம். ஒன்று, தொலைபேசி நிறுவனம் அந்தச் சேவையை உங்கள் லைனுக்குத் திறந்துவிடாவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த பெட்டி வாங்கினாலும் திரை வெறுமையாகத்தான் இருக்கும். இரண்டு, முதல் மணியிலேயே பாய்ந்து எடுத்தால் எண் வராமல் போகலாம். இரண்டாவது மணி முடியும் வரை பொறுங்கள். மூன்று, பெட்டி எல்லா முறைக்கும் ஒத்து வருமா என்று கடையில் கேட்டு வாங்குங்கள். "வேலை செய்யாவிட்டால் மாற்றித் தருவீர்களா?" என்பதையும் அங்கேயே கேட்டு ரசீதை வாங்கி வைத்துக் கொள்ளுங்கள்.

மாட்டும் முறை

முதல் வேலை, டி.எம். நிறுவனத்தின் 100 என்ற எண்ணை அழைத்து, "எங்கள் வீட்டு லைனுக்கு அழைப்பவர் எண் காட்டும் சேவை இருக்கிறதா? அதற்குத் தனிக் கட்டணம் உண்டா?" என்று கேட்பது. கட்டணம் உண்டு என்றால் மாதம் எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக் கொள்ளுங்கள். வேறு நிறுவனத்து லைன் என்றால் அவர்களுடைய பில்லில் இருக்கும் எண்ணை அழையுங்கள்.

அடுத்து பெட்டி. அதன் பின்பக்கம் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்றில் 'லைன்' என்றும் மற்றொன்றில் 'போன்' அல்லது 'டெல்' என்றும் எழுதியிருக்கும். சுவரிலிருந்து வரும் கம்பியை டெலிபோனிலிருந்து கழற்றி 'லைன்' துளையில் செருகுங்கள். பெட்டியோடு வந்த சின்னக் கம்பியின் ஒரு முனையை 'போன்' துளையிலும், மறு முனையைக் கம்பி கழற்றிய அதே இடத்தில் டெலிபோனிலும் செருகுங்கள். 'டிக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம்.

பேட்டரி போடுகிற பெட்டியாக இருந்தால், கூட்டல் கழித்தல் குறியைப் பார்த்துப் போடுங்கள். தேதியும் நேரமும் சரியாக வையுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. நேரம் தப்பாக இருந்தால் பிற்பாடு அந்தப் பதிவால் பயன் கிடையாது.

எல்லாம் முடிந்ததும் மகனுடைய கைப்பேசியிலிருந்து வீட்டுப் போனுக்கு அடித்துப் பாருங்கள். இரண்டு மணி அடிப்பதற்குள் அந்த எண் திரையில் வந்துவிட வேண்டும். வராவிட்டால் இரண்டு துளைகளும் இடம் மாறிப் போயிருக்கிறதா பாருங்கள். அடுத்து பேட்டரியைப் பாருங்கள். அப்புறமும் வரவில்லை என்றால் மறுபடியும் நிறுவனத்தையே கேளுங்கள்.

பைபர் இணைப்பு வந்த வீடுகளில் போன் கம்பி சுவரில் இருக்காது, மோடம் பெட்டியில் இருக்கும். அங்கேயும் இதே முறைதான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பழைய செம்புக் கம்பி போனுக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே வந்தது. பைபர் போன் அப்படியல்ல. வீட்டில் கரண்ட் போனால் மோடமும் அணைந்துவிடும், போனும் ஊமையாகிவிடும். நோயாளி இருக்கிற வீட்டில் சார்ஜ் ஏற்றிய ஒரு கைப்பேசியும் அவசியம் இருக்க வேண்டும். இன்னொன்று, நம் பக்கத்து மாலை நேர இடி உங்களுக்குத் தெரியும். வானம் கறுத்தால், இடி முழங்கும் முன்பே கம்பிகளைக் கழற்றி வையுங்கள்.

திரையில் வருவதைப் படிப்பது

03 என்று தொடங்கினால் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரம். 05 என்றால் பேராக். சபாக் பெர்ணத்தில் இருப்பவர்களுக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெண் கொடுத்திருந்தால் இதுதான் சம்பந்தி வீட்டு எண்ணின் தொடக்கம். 04 வடக்கே பினாங்கு, கெடா. 06 நெகிரி செம்பிலான், மலாக்கா. 07 ஜொகூர். 09 கிழக்குக் கரை. 01 என்று தொடங்குவது பெரும்பாலும் கைப்பேசி. வெளிநாட்டு அழைப்பில் பொதுவாக முன்னால் 00 அல்லது கூட்டல் குறி வரும். அதை அடுத்து 91 வந்தால் இந்தியா, 94 இலங்கை, 65 சிங்கப்பூர்.

எண்ணுக்குப் பதிலாக 'பிரைவேட்' என்றோ 'பி' என்ற ஆங்கில எழுத்தோ வந்தால், அழைப்பவர் தம் எண்ணை மறைத்திருக்கிறார். 'அவுட் ஆப் ஏரியா' அல்லது 'ஓ' என்று வந்தால், எண் நம் நிலையம் வரை வந்து சேரவில்லை. இவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் இவர்களிடம் நாம் முதலில் பெயர் சொல்லக் கூடாது. அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு மணி அடித்து நின்றுவிடுகிற தெரியாத வெளிநாட்டு எண் இருக்கிறதே, அதைத் திருப்பி அழைக்காதீர்கள். நாம் அழைக்க வேண்டும் என்பதற்காகவே அப்படி அடிக்கிறார்கள். ஜப்பான்காரர்கள் இதற்கு 'வான்கிரி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு மணி அடித்து வெட்டிவிடுவது என்று பொருள். திருப்பி அழைத்தால் அதிகக் கட்டணம் நம் பில்லில்தான் ஏறும்.

எண் சரியாக இருந்தாலும் ஆள் பொய்யாக இருக்கலாம்

இனி சொல்லப் போவதுதான் முக்கியம். தோட்டத்துக் கேட்டில் ஜாகா நின்று, உள்ளே வருகிற லாரியின் நம்பரை எழுதிக் கொள்கிறார். அந்த நம்பர் பிளேட்டே போலி என்றால் ஜாகா என்ன செய்வார்? நம் பெட்டியும் அந்த ஜாகா மாதிரிதான். வருகிற எண்ணை எழுதிக் கொள்ளும். அது மெய்யா பொய்யா என்று அதற்குத் தெரியாது. இன்றைக்கு இணையம் வழியாக அழைப்பவர்கள், தாங்கள் விரும்புகிற எண்ணைத் தங்கள் எண்ணாகக் காட்ட முடியும். அது போலீஸ் ஸ்டேசன் எண்ணாகவும் இருக்கலாம், பேங்க் எண்ணாகவும் இருக்கலாம். எங்கேயோ வெளிநாட்டில் உட்கார்ந்து கொண்டு 03 எண்ணில் பேசலாம்.

பேச்சு எப்படிப் போகும் தெரியுமா? முதலில் ஒரு பெண் குரல்: "உங்கள் பெயரில் ஒரு பார்சல் பிடிபட்டிருக்கிறது." "எனக்குத் தெரியாதே அம்மா" என்று நீங்கள் சொன்னதும், "அப்படியானால் போலீசிடம் பேசுங்கள், லைன் மாற்றிக் கொடுக்கிறேன்" என்பாள். அடுத்து ஓர் ஆண் குரல் அதட்டும்: "உன் பெயரில் கேஸ் இருக்கிறது. வீட்டில் யாருக்கும் சொல்லாதே. போனை வைக்காதே. சேமநிதிப் பணம் எந்த பேங்கில் இருக்கிறது?" பத்திரமாக வைக்கிறோம் என்று சொல்லிப் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்வார்கள். நம் நாட்டில் இதை 'மக்காவ் ஸ்கேம்' என்கிறார்கள்.

பால் வெட்டியும் குலை தள்ளியும் முப்பது நாற்பது வருஷம் உழைத்துச் சேர்ந்த சேமநிதிப் பணம் அது. ஐம்பத்தைந்து வயதில் அதை எடுக்கலாம் என்பது நமக்குத் தெரிகிற மாதிரி அந்தத் திருடனுக்கும் தெரியும். தாமான் வீட்டின் கடன் பாக்கி, மகளின் கல்யாணம், மனைவியின் மருந்துச் செலவு எல்லாம் அந்த ஒரு கணக்கில்தான் இருக்கிறது. மாதச் சம்பளத்தை ஏமாந்தால் அடுத்த மாதம் சம்பாதிக்கலாம். அறுபது வயதில் சேமநிதியை ஏமாந்தவர் எந்த நிரையில் நின்று திரும்பச் சம்பாதிப்பார்?

ஆகவே திரையில் என்ன எண் வந்தாலும் இதை மனசில் எழுதிக் கொள்ளுங்கள். போலீஸ் போனில் கேஸ் விசாரித்துப் பணம் கேட்காது. பேங்க் உங்கள் ரகசிய எண்ணையோ, கைப்பேசிக்கு வருகிற டேக் எண்ணையோ கேட்காது. "யாரிடமும் சொல்லாதே" என்று சொல்கிற குரல் நல்லவனுடைய குரல் அல்ல. போனை வைத்துவிடுங்கள். மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். பிறகு பேங்க் கார்டின் பின்னால் அச்சடித்திருக்கும் எண்ணை நீங்களே அழைத்துக் கேளுங்கள். திரையில் வந்த எண்ணைத் திருப்பி அழைத்துச் சரிபார்க்காதீர்கள். சந்தேகமான எண்ணைப் போலீசாரின் 'செமாக் மியூல்' இணையப் பக்கத்தில் பேரப்பிள்ளைகளைத் தேடிப் பார்க்கச் சொல்லலாம். ஏற்கெனவே புகார் வந்த எண் என்றால் அதில் தெரியும். அதில் இல்லை என்பதற்காக அந்த எண்ணை நல்ல எண் என்று நம்பிவிடவும் கூடாது.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அழுது கொண்டு உட்காராதீர்கள். உடனே 997-ஐ அழையுங்கள். மோசடிப் புகார்களைக் கவனிக்க 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மையத்தின் எண் இது. பேங்கையும் அழையுங்கள், பிறகு போலீசில் புகார் கொடுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு ஓடிக் கொண்டே இருக்கும். சீக்கிரம் சொன்னால் வழியில் மறிக்க வாய்ப்பு உண்டு. வெட்கப்பட்டு மறைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம்.

பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம்

பெட்டி நல்ல காரியத்துக்கும் உதவும். வீட்டில் எல்லாரும் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரியிலிருந்தோ சுங்கை பூலோவிலிருந்தோ அழைப்பு வந்திருந்தால், மாலையில் எண்ணைப் பார்த்துத் தெரிந்து கொள்ளலாம். பிள்ளையின் பள்ளிக்கூடம் அழைத்திருந்தாலும் அப்படியே. வயதான அம்மா தனியாக இருக்கிற வீட்டில், வெளியூர்ப் பிள்ளைகளின் எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிப் போனுக்கு மேலே ஒட்டுங்கள். அந்த எண்கள் வந்தால் அம்மா எடுக்கட்டும். மற்றவை அடித்து ஓயட்டும். அவசரம் என்றால் திரும்பவும் அழைப்பார்கள்.

வேலை விஷயத்திலும் பயன் உண்டு. "நாளைக்கு வேலை இல்லை, வர வேண்டாம்" என்று குத்தகைக்காரர் ராத்திரியில் போன் செய்வார். மறுநாள் "நான் சொல்லவே இல்லை, நீதான் வரவில்லை" என்பார். எந்த எண், எந்தத் தேதி, எத்தனை மணி என்று பெட்டி காட்டும். என்ன பேசினார் என்று அது காட்டாது. ஆகையால் போனை வைத்த உடனே, சொன்ன வார்த்தைகளை நோட்டில் எழுதுங்கள். பெட்டியின் நினைவு நிரம்பினால் பழைய எண்கள் அழிந்து போகும்; நோட்டில் எழுதினது அழியாது. சங்கத்துக்கு வந்து முறையிடும்போது, "ஒரு நாள் ராத்திரி சொன்னாருங்க" என்பதைவிட, தேதியும் மணியும் எழுதின ஒரு தாள் நமக்குப் பலம்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிற்றுக்கிழமை அஞ்சடியில் தனியாக இருக்கிற தாத்தா, பாட்டி வீடுகளுக்குப் போங்கள். பெட்டி வாங்க வசதி இருந்தால் மாட்டிக் கொடுங்கள், இல்லாவிட்டால் பரவாயில்லை. ஒரு அட்டையில் மூன்று வரி எழுதிப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்: "இரண்டு மணி பொறு. பணம் என்றால் போனை வை. 997." அட்டைக்கு ஆகும் செலவு சில காசுதான். அதை வாசித்துக் காட்டி, அவர்கள் திருப்பிச் சொல்லும் வரை கூட உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.